மன்றாடும் மதில்கள்

கட்டடங்கள் பேசுகின்றன என்று சொல்வதை எழுத்தாளரின் மிகைக்கூற்று எனப் பலரும் ஒதுக்கிவிடுவர். இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்தில், லாங் மெல்போர்டு என்னும் ஊரிலுள்ள பரிசுத்த திரித்துவ ஆலயத்தை அறிந்தோர் அவ்வாறு ஒதுக்கமாட்டார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்ட அக்கோவிலின் சுவர்கள் உள்ளபடியே பேசுகின்றன. கரிய சிக்கிமுக்கிக் கல்லின் நடுவே வெண்கல்லைப் பதித்து உருவாக்கிய எழுத்துகள் சுவர்களின் உச்சியில் வரிவரியாக ஓடுகின்றன. அவை விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே: இன்னாருடைய ஆன்மாவுக்காக, இன்னாருடைய மனைவியரின் ஆன்மாவுக்காக, அவர்தம் பெற்றோருக்காகவும் பிள்ளைகளுக்காகவும் மன்றாடுங்கள்.

இவ்வேண்டுகோள் பெரும்பாலும் இலத்தீனில் இல்லை; ஊரார் பேசிய ஆங்கிலத்தில் இருக்கிறது. குருவுக்கும் கற்றோருக்கும் மட்டும் உரியதாக அது எழுதப்படவில்லை. சந்தைக்குச் செல்பவனும், கம்பளி மூட்டை சுமப்பவனும், எழுத்தறிந்த ஒருவன் வாசிக்கக் கேட்டு நின்று செபிக்கவேண்டும் என்பது எழுதியவர்களின் எண்ணமாக இருந்திருக்கவேண்டும். இந்த எழுத்துகளை விட்டுவிட்டு இக்கோவிலின் கட்டடக்கலையை மதிப்பிட இயலுமா? கலை வரலாற்று நூல்கள் பலவும் இயலும் என்றே கருதி, நீள அகலங்களையும் சாளரங்களின் அழகையும் விரித்துரைத்து, எழுத்துகளைக் காலத்தைக் கணிக்க உதவும் சான்றாக மட்டும் பயன்படுத்துகின்றன. இயலாது என்பதே நம் கருத்து. அதனைச் சற்று விளக்க முற்படுவோம்.

ஒளிக்கு எழுப்பிய இல்லம்

மெல்போர்டு ஊரும் நிலமும் நெடுங்காலம் பரி செயிண்ட் எட்மண்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆசீர்வாதப்பர் சபை மடத்தின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தன. 15ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரம் கம்பளித் துணி நெசவால் பெருஞ்செல்வம் ஈட்டியது. அச்செல்வமே கோவிலாக வடிவெடுத்தது. 1460களில் தொடங்கி 1496 வரை, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்தில், பழைய கோவில் பெரும்பாலும் புதிதாக்கப்பட்டது. மேற்குப் பகுதியின் ஐந்து வளைவுகளைத் தாங்கும் தூண்கள் மட்டும் முந்திய நூற்றாண்டுக்குரியவை. புதியவற்றைக் கட்டியோர் பழையவற்றை இடித்துத் தள்ளாமல், அவற்றின் ஒழுங்கையே பின்பற்றி ஒன்பது வளைவுகளாக நீட்டினர். முன்னோர் எழுப்பிய தூணின்மேல் தம் கூரையை ஏற்றிய அப்பணிவு குறிக்கத்தக்கது.

பெர்ப்பெண்டிகுலர் என வழங்கும் பிற்காலக் கோதிக் பாணியில் அமைந்தது இக்கோவில். செங்குத்தான கோடுகள், அகன்ற சாளரங்கள், மெலிந்த தூண்கள் ஆகியவை அப்பாணியின் இலக்கணம். மெல்போர்டில் அந்த இலக்கணம் அதன் எல்லைவரை சென்றுள்ளது. பக்கக்கூடங்களில் ஒரு வரிசை, நடுக்கூடத்தின் மேற்சுவரில் மற்றொரு வரிசை எனச் சாளரங்கள் நெருங்கி நிற்க, சுவர் என்பதே கண்ணாடிகளுக்கு இடைப்பட்ட சட்டமாகச் சுருங்கிவிடுகிறது. நடுக்கூடத்தையும் பீடமுற்றத்தையும் பிரிக்கும் பெருவளைவு எதுவுமில்லை. ஒரே கூரை மேற்கிலிருந்து கிழக்குவரை தடையின்றிச் செல்கிறது. நடுக்கூடத்தின் நீளம் மட்டுமே 150 அடிக்கு மேல். உள்ளே நுழைபவரின் கண் எங்கும் தங்காமல் பீடத்தை நோக்கி இழுக்கப்படுகிறது.

சஃபோக்கில் நல்ல கட்டடக்கல் கிடைப்பதில்லை. வயல்களில் கிடைக்கும் சிக்கிமுக்கிக் கல்லே அம்மண்ணின் கல். அதனை உடைத்து, கரிய உட்புறம் வெளியே தெரியுமாறு சீராக்கி, தொலைவிலிருந்து கொண்டுவந்த வெண்கல்லுடன் ஒரே தளமாக இழைத்துச் சுவரில் கோலம் வரைவது அவ்வட்டாரக் கொத்தர்களின் தனித்திறன். ஏழ்மையான கல்லிலிருந்து பிறந்த கலை அது. மன்றாட்டு எழுத்துகளும் இதே வேலைப்பாட்டால் ஆனவை. ஆகவே அவை கட்டி முடித்த சுவரில் பின்னர் செதுக்கிய பெயர்ப்பலகைகள் அல்ல. எழுத்து சுவரின் பகுதி; சுவர் எழுத்தின் பகுதி. மன்றாட்டை நீக்கவேண்டுமானால் மதிலைப் பிரிக்கவேண்டும்.

கோவிலின் கிழக்குக் கோடியில், 1496 எனத் தேதியிட்ட அன்னை மரியாவின் ஆலயம் தனிக் கட்டடம்போல் நிற்கிறது. நடுவே ஒரு திருவறை. அதனைச் சுற்றி நாற்புறமும் வலம்வரும் நடை. மேலே மூன்று முகடுகள் கொண்ட தாழ்ந்த கூரை. பங்குக் கோவில்களில் இத்தகைய அமைப்பு அரிது. பெருங்கோவிலின் உயரத்திற்கும் ஒளிக்கும் பின், இதன் அடக்கம் தாயின் மடிக்கு வந்ததுபோன்ற உணர்வைத் தருகிறது.

ஜான் கிளாப்டனின் கல்லறை

இத்திருப்பணியின் தலைவர் ஜான் கிளாப்டன். அவர் வாழ்ந்த காலம் இங்கிலாந்தின் அரச குடும்பங்கள் இரண்டு அரியணைக்காகப் போரிட்ட காலம். 1462இல், ஆக்ஸ்போர்டு பிரபுவோடு சேர்ந்து மன்னன் நான்காம் எட்வர்டுக்கு எதிராகச் சதிசெய்தார் எனக் கிளாப்டன் சிறைப்பட்டார். பிரபுவும் அவர் மகனும் வேறு சிலரும் தலை வெட்டுண்டு இறந்தனர். கிளாப்டன் உயிர் பிழைத்தார். அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, கோவிலைக் கட்டி, 1497இல் இறந்தார்.

அன்னை மரியாவின் ஆலயத்து மதிலில் உள்ள நீண்ட மன்றாட்டை இந்த வரலாற்றோடு சேர்த்து வாசிக்கவேண்டும். அதில் கிளாப்டன் குடும்பத்தாரின் பெயர்கள் வருகின்றன. அவர் வீட்டில் பணிசெய்த ரிச்சர்டு லவ்டே என்னும் ஊழியரின் பெயரும் தலைவரின் பெயருக்கு அருகிலேயே வருகிறது. இறுதியில், ஜான் எவருக்கெல்லாம் மன்றாடக் கடன்பட்டிருக்கிறாரோ அந்த ஆன்மாக்கள் அனைவருக்காகவும் மன்றாடுமாறு அது வேண்டுகிறது. பெயர் சொல்லாத அந்தக் கடைசி வரியே இக்கோவிலின் திறவுகோல் என்று நாம் எண்ணுகிறோம். தோழர்கள் வெட்டுண்ட மேடையிலிருந்து தான் மட்டும் திரும்பிவந்த ஒருவர், யாருக்குக் கடன்பட்டிருந்தார்? மதிலில் எழுத முடியாத பெயர்களும் உண்டல்லவா?

அவருடைய கல்லறை பீடமுற்றத்தின் வடபுறத்தில், பீடத்திற்கு அருகே உள்ளது. அதன்மேல் படுத்திருக்கும் உருவமோ, கவசமணிந்த வீரத்தோற்றமோ இல்லை. வெறும் கற்பெட்டி. அதற்கு மேலுள்ள வளைவின் உட்புறத்தில் உயிர்த்த ஆண்டவரின் ஓவியம். தம்மில் நம்பிக்கை கொண்டு வாழ்பவர் என்றும் சாகார் என, மார்த்தாவிடம் அவர் சொன்ன வாக்கு இலத்தீனில் தீட்டப்பட்டுள்ளது. புனித வாரத்தில் இந்தக் கற்பெட்டியே ஆண்டவரின் திருக்கல்லறையாகப் பயன்பட்டது. பெரிய வெள்ளியன்று நற்கருணையை இங்கே வைத்து, சுற்றிலும் மெழுகுதிரிகள் ஏற்றி, உயிர்ப்புப் பெருவிழா விடியும்வரை மக்கள் விழித்துக் காத்திருந்தனர். கிளாப்டன் தமக்குப் புகழ்மாடம் கட்டிக்கொள்ளவில்லை. ஆண்டுதோறும் மூன்று நாள்கள் ஆண்டவருக்குத் தம் கல்லறையை இரவல் கொடுத்தார். அரிமத்தியா ஊர் சூசையின் செயலை இதைவிடப் பொருத்தமாகப் பின்பற்றிய செல்வர் எவரையும் நாம் அறியோம்.

கல்லறைக்கு அப்பால் அவருடைய சிற்றாலயம் உள்ளது. அங்கே கூரையும் சுவரும் சேரும் இடத்தில், பரி மடத்துத் துறவியும் கவிஞருமான ஜான் லிட்கேட்டின் பாடல்கள் சுருள்சுருளாக எழுதப்பட்டுள்ளன. சாளரத்தில் ஒரு சிறு வண்ணக் கண்ணாடி. அதில் லீலி மலர்ச்செடியே சிலுவையாக, அதில் ஆண்டவர் அறையுண்டு தொங்குகிறார். வானதூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன நாளும் ஆண்டவர் பாடுபட்ட நாளும் மார்ச் 25 என்னும் ஒரே நாளே என்ற பழைய மரபு அந்த உள்ளங்கை அளவான கண்ணாடியில் அடங்கிவிடுகிறது. பக்கம் பக்கமாக எழுதும் மறையுரை சொல்ல முடியாததை அது சொல்லிவிடுகிறது.

இரு தவறான வாசிப்புகள்

இக்கோவிலைக் காண்போர் இரு தவறுகளுக்கு உள்ளாகின்றனர். செல்வர்களின் தற்பெருமைக்குச் சான்றாக மட்டும் இதனைக் காண்பது முதலாவது தவறு. சாளரங்களில் கிளாப்டன் உறவினர்கள் தம் குலச் சின்னங்களைப் போர்வையாக உடுத்து வரிசையாக முழந்தாளிட்டிருக்கிறார்கள். மதிலெங்கும் கொடையாளர் பெயர்கள். இது விளம்பரமன்றி வேறென்ன என்று கேட்பர். இக்கேள்வியைக் கட்டியவர்களே எதிர்பார்த்தனர் போலும். இலத்தீன் எழுத்து வரியொன்றில், புகழ் பெறவேண்டுமென்று இதனைச் செய்யவில்லை என்பதற்குக் கிறிஸ்துவையே சாட்சியாக அழைக்கின்றனர். சாட்சி தேவைப்பட்டது என்பதே மனச்சான்று உறுத்தியதற்கு அடையாளம். தற்பெருமை தன்னைப் பாராட்டச் சொல்லும். இவ்வெழுத்துகளோ தமக்கு உதவச் சொல்லுகின்றன. தாம் பாவிகள், தம் செல்வம் தம்மைக் காப்பாற்றாது, முன்பின் அறியாத வழிப்போக்கனின் செபம் தமக்குத் தேவை என்று ஊரின் பெருஞ்செல்வர்கள் ஊரறிய அறிக்கையிடுகிறார்கள்.

எனினும் இக்குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யன்று. நூல் நூற்ற பெண்களின் பெயர் எந்த மதிலிலும் இல்லை. தறியில் முதுகு வளைந்தவர்களின் பெயரும், சிக்கிமுக்கிக் கல்லை உடைத்து அந்த எழுத்துகளையே பதித்த கொத்தர்களின் பெயரும் அங்கே இல்லை. செபிக்கக் கேட்கப்பட்டவர்கள் ஏழைகள். செபம் பெற்றவர்கள் செல்வர்கள். கொடுக்க இயன்றவர் நினைக்கப்பட்டார்; உழைப்பை மட்டும் கொடுத்தவர் மறக்கப்பட்டார். நாம் கத்தோலிக்கர் என்பதற்காக இக்குறையை மூடிமறைத்தல் தகாது. பெயர் சொல்லாத ஆன்மாக்களுக்குக் கடன்பட்டிருப்பதாகக் கூறும் அந்தக் கடைசி வரியில்தான் அவர்களும் ஒதுங்க இடம் தேடவேண்டும்.

இரண்டாவது தவறு நம்மைப் போன்றோர் எளிதில் செய்யக்கூடியது. இடைக்காலத்தை இழந்துபோன பொற்காலமாகக் கண்டு ஏங்குவதே அது. இதற்கு மருந்து மெல்போர்டிலேயே பிறந்த ஒருவரின் எழுத்தில் கிடைக்கிறது.

ரோஜர் மார்ட்டினின் நினைவு

ஏறத்தாழ 1527இல் பிறந்து 1615இல் இறந்த ரோஜர் மார்ட்டின், துணி வணிகத்தால் உயர்ந்த குடும்பத்தவர். கோவிலின் தென்புறத்தில் அவர் முன்னோர் கட்டிய சிற்றாலயம் உண்டு. அவர் சிறுவனாக இருந்தபோது எட்டாம் ஹென்றி மன்னன் 1534இல் உரோமையோடு உறவை முறித்தான். அவர் இளைஞனானபோது, 1547இல், ஆறாம் எட்வர்டின் ஆட்சி இறந்தோருக்காகத் திருப்பலி நிறைவேற்றும் அறக்கட்டளைகளை ஒழித்தது, படிமங்கள் அகற்றப்பட்டன, அவை விற்கப்பட்ட விவரம் கோவில் கணக்கேட்டில் பதிவாகியுள்ளது. மேரி அரசியின் காலத்தில் பழைய வழிபாடு ஐந்தாண்டுகள் திரும்பிவந்தது. அப்போது மார்ட்டின் கோவில் பொறுப்பாளராகப் பணியாற்றினார். பின் எலிசபெத் அரசியின் ஆட்சியில் அனைத்தும் மீண்டும் பறிபோயின. மார்ட்டின் கத்தோலிக்கராகவே நிலைத்தார். புதிய வழிபாட்டில் சேராதவர் எனப் பட்டியலிடப்பட்டார்.

முதுமையில் அவர், தாம் அறிந்த மெல்போர்டுக் கோவில் எப்படியிருந்தது என்று ஒரு குறிப்பை எழுதிவைத்தார். எழுத்து வித்தை எதுவும் அறியாத அக்குறிப்பு, நம் மதிப்பில், அக்கால ஆங்கில உரைநடையின் உருக்கமான பக்கங்களுள் ஒன்று. அதில் வாதமில்லை, வசையில்லை. வீட்டைவிட்டு விரட்டப்பட்டவன் ஒவ்வோர் அறையிலும் எந்தப் பொருள் எங்கே இருந்தது என்று நினைவுகூர்வதுபோல எழுதிச் செல்கிறார். தலைமைப் பீடத்தின் பின்னால், ஒரே பெருமரத்தில் செதுக்கிப் பொன்பூசிய கல்வாரிக் காட்சி இருந்தது. அதனை மூடும் ஓவியக் கதவுகள் பெருவிழாக்களில் மட்டும் திறக்கப்பட்டன. இறந்த மகனை மடியில் கிடத்திய வியாகுல அன்னையின் கன்னங்களில் கண்ணீர் வழிவதுபோல் இருந்தது. குருத்தோலை ஞாயிறன்று நால்வர் தாங்கிய விதானத்தின்கீழ் நற்கருணை பவனி வந்தது. கூரையில் பொன் விண்மீன்கள் ஒளிர்ந்தன. கோடைக்கால விழாக்களில் தம் பாட்டனாரின் வீட்டுவாசலில் தீமூட்டி, ஏழை அயலாருக்கு உணவும் பானமும் அளித்ததையும் அவர் மறக்கவில்லை.

ஓரிடத்தில் மட்டும் அவருடைய குரல் மாறுகிறது. தம் குடும்பச் சிற்றாலயத்துப் பீடத்தின் பின்னே இருந்த, இரு கள்வர் நடுவே அறையுண்ட ஆண்டவரின் உருவம், தம் வீட்டில் சிதைந்த நிலையில் இருப்பதாகச் சொல்கிறார். தம் வாரிசுகள் அதனைப் பழுதுபார்த்து ஒருநாள் மீண்டும் உரிய இடத்தில் வைப்பார்கள் என்று நம்புவதாக எழுதுகிறார். அந்த நாள் வரவில்லை.

பொற்காலக் கனவுக்கு இது எவ்வாறு மருந்தாகும் எனக் கேட்கலாம். மார்ட்டின் ஒரு காலத்திற்காக ஏங்கவில்லை. ஒரு சிலுவைக்காக ஏங்குகிறார். பொதுவான ஏக்கம் நம்மைச் செயலற்றவர்களாக்கும். அவரோ சிதைந்த உருவத்தை வீட்டிற்குத் தூக்கிச் சென்றார், பாதுகாத்தார், பொறுப்பை வாரிசுகளிடம் ஒப்படைத்தார். ஈமன் டஃபி என்னும் வரலாற்றறிஞர் 1992இல் வெளியிட்ட பெருநூல், இங்கிலாந்தின் பழைய பக்தி மரபு மக்களிடையே உயிரோடு இருந்தபோதே அழிக்கப்பட்டது என நிறுவியது. அவருக்குக் கிடைத்த சிறந்த சாட்சிகளுள் மார்ட்டினும் ஒருவர்.

காத்தவர்களும் கடந்தவைகளும்

பீடத்தின் தென்புறம் சர் வில்லியம் கார்டெலின் கல்லறை பல வண்ணச் சலவைக்கல்லில் பளபளக்கிறது. மேரி அரசியின் காலத்தில் பாராளுமன்ற அவைத்தலைவராகவும், பின் எலிசபெத்தின் காலத்திலும் உயர் நீதிப் பதவியிலும் நீடித்து, 1581இல் இறந்தவர் அவர். தூண்கள் தாங்கும் மேற்கட்டியின்கீழ் கவசமணிந்து படுத்திருக்கிறார். நற்பண்புகள் பெண்ணுருவில் சூழ்ந்து நிற்கின்றன. வடபுறத்தில் கிளாப்டனின் வெறுங்கல். தென்புறத்தில் கார்டெலின் மாளிகை. இடையே நூறாண்டுகள்கூட இல்லை. முன்னது நமக்காக மன்றாடு என்கிறது. பின்னது என்னைப் பார் என்கிறது. இறந்தோருக்காக மன்றாடுவது தடைசெய்யப்பட்டபின், இறந்தவருக்குக் கல்லறையில் எஞ்சியது புகழ் ஒன்றே. கலையின் மாற்றத்திற்குப் பின்னால் கோட்பாட்டின் மாற்றம் நிற்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடங்கள் சிலவே. நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: இதே கார்டெல் 1573இல் கோவிலின் முன்புறம் முதியோருக்கான அறச்சாலை ஒன்றை நிறுவினார். ஏழைகளுக்கு அது கல்லறையைவிடச் சிறந்த நினைவுச்சின்னம்.

அன்னையின் ஆலயம் 17ஆம் நூற்றாண்டில் ஊர்ப் பள்ளிக்கூடமாயிற்று. பிள்ளைகளுக்காகச் சுவரில் தீட்டிய பெருக்கல் வாய்பாடு இன்றும் அங்கே உள்ளது. தீட்டுப்பட்டதாக இதனைக் கருத நமக்கு மனமில்லை. நாசரேத்தூர்த் தாயின் இல்லத்தில் குழந்தைகள் கணக்குப் பயின்றதில் என்ன குறை? 1710ஐ ஒட்டி இடிவிழுந்து பழைய கோபுரம் அழிந்தது. 1725இல் செங்கல்லால் எளிய கோபுரம் எழுந்தது. 1898 முதல் 1903வரை ஜி. எஃப். பாட்லி என்னும் கட்டடக்கலைஞர் அதனை இடிக்காமல், கல்லாலும் சிக்கிமுக்கியாலும் போர்த்தி உயர்த்தினார். பழமைபோல் தோன்றும் புதுமை என அதனைக் குறைகூறுவோர் உண்டு. பழந்தூண்களின்மேல் கட்டிய கிளாப்டனின் வழியே பாட்லியும் நடந்தார் என்பது நம் விடை.

18ஆம் நூற்றாண்டில் கோவில் தரையின்கீழ் அலபாஸ்டர் கல்லில் செதுக்கிய ஞானியர் வணக்கச் சிற்பம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அழிவுக்கு அஞ்சி யாரோ புதைத்துவைத்தது அது என்று கருதப்படுகிறது. மார்ட்டின் பார்த்த வியாகுல அன்னையின் உருவம் மறைந்துபோயிற்று. அதே காட்சி வண்ணக் கண்ணாடியில் எஞ்சி நிற்கிறது. இவற்றைச் சுவரில் பதித்தும், சாளரங்களில் சேர்த்தும் காத்துவருபவர்கள் ஆங்கிலிக்கன் சபையினர். இக்கோவில் இன்று அவர்களுடைய பங்குக் கோவில். இழந்ததை எண்ணி வருந்தும் நாம், காக்கப்பட்டதற்காக அவர்களுக்கு நன்றி கூறவும் கடமைப்பட்டவர்கள்.

ஒரு வியப்பு எஞ்சி நிற்கிறது. படிமங்களை உடைக்கவும் பீடங்களைப் பெயர்க்கவும் ஆணைகள் பிறந்தன. இறந்தோருக்கான மன்றாட்டு மூடநம்பிக்கை என்று அறிவிக்கப்பட்டது. மதிலில் இருந்த எழுத்துகளோ நிலைத்தன. உள்ளே போதகர் மன்றாடாதீர் என்று கற்பித்துக்கொண்டிருந்த நூற்றாண்டுகளிலும், வெளியே சுவர்கள் மன்றாடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தன.

கட்டடக்கலையைத் திறனாய்வோர் கட்டடத்தை நோக்கி நின்று தீர்ப்புக் கூறுவர். மெல்போர்டு கோவில் அந்த வசதியை நமக்குத் தருவதில்லை. ஜான் கிளாப்டன், அவருடைய ஊழியர் லவ்டே, கிளாப்டன் கடன்பட்ட பெயரற்ற ஆன்மாக்கள், தறியிலும் கல்லிலும் உழைத்து மதிலில் இடம்பெறாதவர்கள் ஆகியோரின் வேண்டுகோளை வாசித்து முடித்தபின், அதன் எழுத்தழகைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நகர்பவர் அதனை வாசித்தவர் ஆகார். கார்த்திகை மாதத்தில் நம் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுதிரி ஏற்றும்போது, அவர்களையும் நம் மன்றாட்டில் சேர்த்துக்கொள்வோம். அந்த மதில்கள் கேட்டது அவ்வளவே.